பழவேற்காட்டில் பத்து வருஷம்

இந்த இதழுக்கு, மறைந்துபோன பிரபலம் ஒருத்தரோட வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு கேட்டதும் எங்க கிளாஸ்ல பாதிப் பேர் ராமானுஜன்னு சொன்னாங்க, மீதிப் பேர் கலாம். நான் சொன்ன பேரைக் கேட்டுட்டு எடிட்டோரியல் டீம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. ஆபிரகாம் ரோகெரியுஸ். நம்ம காலேஜ்ல இந்தப் பேரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆனா இந்திய மதங்களைப் பத்தி ஐரோப்பா எப்படித் தெரிஞ்சுக்கிச்சுங்கிற வரலாற்றுப் புத்தகம் எதை எடுத்தாலும் முதல் சில பக்கத்துக்குள்ள இவர் வந்துடுவார். இதுல வேடிக்கை என்னன்னா, அவர் அத்தனை விஷயத்தையும் சேர்த்தது காசியிலயோ மதுரையிலயோ இல்ல. பொன்னேரியில இறங்கி பஸ் மாறினா வர்ற பழவேற்காட்டுல.

பழவேற்காடு எங்க அம்மா ஊர். ஏரிக்கரையில இருக்கிற கோட்டைக்குப்பம். தாத்தா இன்னமும் ஏரிக்குப் போறவர். நான் பிறந்தது, படிச்சது எல்லாம் சென்னை, அதுவும் இங்கிலீஷ் மீடியம், அதனால இந்தக் கட்டுரையில சந்திப் பிழை இருந்தா மன்னிச்சுடுங்க. லீவுக்கு லீவு போய் ஆயா வைக்கிற நண்டுக் குழம்பைச் சாப்பிட்டதைத் தவிர அந்த ஊரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. அது எனக்கு உறைச்சது ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி.

போன வருஷம் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல நெதர்லாந்துல இருக்கிற லெய்டன் போயிருந்தேன். சின்ன ஊர். மக்கள் தொகை ஒண்ணேகால் லட்சம் இருக்கும், நம்ம ஆவடியில பாதி கூட கிடையாது. ஊர் முழுக்க கால்வாய், பாலம், சைக்கிள், விடாத தூறல். பொன்னியின் செல்வன் ரசிகர்களுக்கு லெய்டன்னா சோழர்களோட ஆனைமங்கலம் செப்பேடுதான் ஞாபகம் வரும். அந்தப் பல்கலைக்கழகத்துல இருந்ததாலதான் அதுக்கு லெய்டன் செப்பேடுன்னே பேர் வந்துச்சு. நானும் அந்த ஒரு தகவலை வெச்சுக்கிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அங்க என் ப்ராஜெக்ட் டீம்ல இருந்த டச்சுப் பையன் ஒருத்தன், நூலகத்துல இருந்த பழைய கடல் வரைபடம் ஒண்ணோட படத்தை லேப்டாப்ல திறந்து, நீ எந்தப் பக்கம்னு கேட்டான். நான் மெட்ராஸைத் தேடினேன். அதுக்கு மேல கொட்டை எழுத்துல பாலியாகட்டான்னு போட்டிருந்துச்சு. அது எங்க அம்மா ஊருன்னேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எங்க ஆளுங்க அங்க என்ன பண்ணாங்க, இப்ப அங்க யார் இருக்காங்க, எதை வெச்சுப் பிழைக்கிறாங்கன்னு அடுக்கிக்கிட்டே போனான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சீசனுக்கு ஃபிளமிங்கோ வரும்ங்கிறது மட்டும்தான். அதைச் சொன்னேன். அவன் நல்ல பையன், அதுக்கு மேல கேட்கல. அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சப்போதான் ரோகெரியுஸ் சிக்கினார். நான் தினமும் சைக்கிள்ல போன அதே ஊர்ல படிச்சுட்டு, எங்க தாத்தா ஊர்ல பத்து வருஷம் இருந்தவர்.

பிறந்தது 1609 வாக்குல. அப்போ லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வயசு முப்பத்தி நாலு. அது பிறந்த கதையே தனி. 1574-ல ஸ்பெயின் படை ஊரை மாசக்கணக்கா முற்றுகை போட்டுச்சு. டச்சுக்காரங்க அணைக்கட்டை உடைச்சுத் தண்ணிய உள்ள விட்டு, படகுலயே வந்து ஊரை மீட்டாங்க. பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வெள்ளை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் கொடுத்தாங்களாம். இன்னைக்கும் ஒவ்வொரு அக்டோபர் 3 அன்னைக்கும் அந்த ஊர்ல ரொட்டியும் ஹெர்ரிங்கும் சாப்பிடுவாங்க. நானும் வாங்கித் தின்னேன். உப்புல ஊற வெச்ச பச்சை மீன். எங்க ஆயா பார்த்திருந்தா ஏரியில திருப்பி விட்டிருப்பாங்க. முற்றுகையைத் தாக்குப் பிடிச்ச ஊருக்குப் பரிசா அடுத்த வருஷம், 1575-ல, இந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவினாங்க.

ரோகெரியுஸ் அங்க சேர்ந்தது சாதாரண கோர்ஸ்ல இல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசியா முழுக்கக் கிடங்கு, கோட்டை, கப்பல் எல்லாம் இருந்துச்சு, அங்கெல்லாம் அனுப்பப் பாதிரியார்தான் இல்ல. அதனால 1622-ல கம்பெனியே காசு போட்டு லெய்டன்ல ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சது. அந்தோனியுஸ் வலேயுஸ்ங்கிற இறையியல் பேராசிரியர்தான் அதுக்குப் பொறுப்பு. மாணவர்கள் தங்கினதும் அவர் வீட்டுலயேதான். இன்னைக்குப் பாஷையில சொன்னா ஸ்பான்சர்ஷிப் கோர்ஸ், முடிச்சதும் பாண்ட். பத்து வருஷம் ஓடி மூடின அந்தப் பள்ளியில படிச்சு வெளிய வந்தவங்க மொத்தமே பன்னிரண்டு பேர்தான். அதுல ஒருத்தர் நம்ம ஆள்.

படிச்சு முடிச்சதும் கப்பல். அந்தக் காலத்துல ஹாலந்துலேருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்னைக்கு ஜகார்த்தாவுக்கு, ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆறேழு மாசம் ஆகும். என் முழு செமஸ்டரே அஞ்சு மாசம். நான் போய், படிச்சு, பரீட்சை எழுதித் திரும்பி வர்ற நேரத்துல அவர் இன்னும் கடல்லயே இருந்திருப்பார். இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாள் சூரத்துல இருந்துட்டு, 1632-ல பழவேற்காடு வந்து சேர்ந்தார். வயசு இருபத்து மூணு இருக்கும். நம்ம சீனியர் வயசு.

அந்த வருஷத்துப் பழவேற்காட்டை இப்போ இருக்கிற ஊரை வெச்சு கற்பனை பண்ண முடியாது. இப்போ அங்க இறங்கினா மீன் ஏலம், ஐஸ் வண்டி, ஏரியைக் கடக்கிற பாலம், பனை ஓலையில பெட்டி முடையற பெண்கள், பழைய பள்ளிவாசல், இதுதான் கண்ணுல படும். அப்போ அதுதான் சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களோட தலைமையிடம். 1610-ல விஜயநகர அரச குடும்பத்துகிட்ட அனுமதி வாங்கி அங்க வந்தாங்க. 1612-ல சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அடிச்சு நொறுக்கினாங்க. அடுத்த வருஷமே டச்சுக்காரங்க கோட்டையைக் கட்டி முடிச்சுட்டாங்க. பேர் கெல்ட்ரியா. அப்போ இங்க தலைவரா இருந்தவரோட சொந்த மாகாணம் கெல்டர்லாந்து, அதான் அந்தப் பேர். எங்க கோட்டைக்குப்பத்துப் பேர்ல இருக்கிற கோட்டை இதுதான்னு அம்மா சொல்வாங்க.

இங்க எதுக்கு வந்தாங்கன்னா, துணிக்கு. ஜாதிக்காய், கிராம்பு விளையற தீவுகள்ல வெள்ளிக் காசைக் காட்டினா மதிப்பு கம்மி. நம்ம கரையில நெய்த துணியைக் காட்டினாதான் மூட்டையைக் கொடுப்பாங்க. அதனால துணியை இங்க வாங்கி, அங்க கொண்டுபோய், மசாலாவா மாத்தி, அதை ஐரோப்பாவுல விக்கிறது. அந்த வியாபாரத்தோட மிச்சம் ஒண்ணு இன்னைக்கும் உயிரோட இருக்கு. மலேசியாவுல கட்டற கைலிக்கு கைன் பெலிகாட்னுதான் பேர். பெலிகாட்டுங்கிறது புலிகாட், நம்ம பழவேற்காடு. ஊர்ல இப்போ அந்தத் துணி நெய்யற தறிச் சத்தம் நான் கேட்டதில்ல.

கோட்டைக்குள்ள துணி மட்டும் இல்ல. வெடிமருந்து தயாரிச்சாங்க. காசு அடிச்சாங்க. மனுஷங்களையும் ஏத்தினாங்க. அந்த நூற்றாண்டுல பஞ்சம் வர்றப்போ எல்லாம், சாப்பாட்டுக்கு வழியில்லாம தங்களையோ பிள்ளைகளையோ வித்த ஜனங்களை விலைக்கு வாங்கி, இதே கரையிலேருந்து கப்பல் கப்பலா பட்டாவியாவுக்கு அடிமைகளா அனுப்பினாங்க. அவங்க கணக்கு ஆயிரக்கணக்குல போகுது. ரோகெரியுஸைப் பத்தி நல்லதா எழுதணும்னு உட்கார்ந்த எனக்கு இந்த இடத்துல கை நின்னுடுச்சு. அவர் அந்தக் கோட்டையோட பாதிரியார். சம்பளம் கொடுத்தது அந்தக் கம்பெனி. ஞாயித்துக்கிழமை அவர் முன்னாடி உட்கார்ந்து பிரசங்கம் கேட்டது அந்த வியாபாரிகளும் சிப்பாய்களும்தான். இதை விட்டுட்டு அவர் வாழ்க்கையை எழுதினா அது பாதி வாழ்க்கை.

பிரசங்கம் டச்சுல மட்டும் பண்ணினா போதாது. கோட்டையைச் சுத்தி வாழ்ந்த கிறிஸ்தவங்கள்ல நிறையப் பேர் பேசினது போர்த்துகீசிய மொழி. சிப்பாய்ங்க கட்டிக்கிட்ட பெண்கள், அவங்க குழந்தைகள், வேலைக்காரங்க எல்லாருக்கும் அதுதான் பொது மொழி. நூறு வருஷம் போர்த்துகீசியர் இந்தக் கடல்ல கொடி நாட்டினதோட விளைவு, அப்போ ஆசியத் துறைமுகங்கள்ல அது நம்ம இங்கிலீஷ் மாதிரி. எதிரியோட மொழிதான், இருந்தாலும் ரோகெரியுஸ் அதைக் கத்துக்கிட்டார். அவர் பேர் நிக்கக் காரணமான எல்லாமே அந்த மொழி வழியா வந்துச்சு.

ஏன்னா பத்மநாபனுக்கும் போர்த்துகீஸ் தெரியும்.

பத்மநாபன் பழவேற்காட்டுல டச்சுக்காரங்களை அண்டி இருந்த ஒரு பிராமணர். வேற ஊரா இருந்தா, இன்னொரு காலமா இருந்தா, கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரோட வருஷக்கணக்கா உட்கார்ந்து சாஸ்திரம் பேசியிருப்பாரா, சந்தேகம்தான். இங்க பேசினார். வேதம் எத்தனை, அதுல என்ன இருக்கு, யார் படிக்கலாம், குழந்தை பிறந்தா என்ன சடங்கு, கல்யாணம் எப்படி, செத்தா எப்படி, உயிர் எங்க போகுது, கோவில்ல யாருக்கு என்ன பூஜை, எந்த நாள் நல்ல நாள்னு கேள்வி கேள்வியா ரோகெரியுஸ் கேட்டிருக்கார். பத்மநாபன் சொல்லச் சொல்ல எழுதியிருக்கார். இன்னும் சில பிராமணர்கள்கிட்டயும் கேட்டிருக்கார், ஆனா முதல் ஆசிரியர் பத்மநாபன்தான். அவர் பேரை ரோகெரியுஸ் மறைக்கல. யார்கிட்ட கேட்டேன்னு புத்தகத்துலயே எழுதி வெச்சிருக்கார். நம்மள்ல எத்தனை பேர் மினி ப்ராஜெக்ட்ல கோடு எழுதித் தந்த ஃப்ரெண்டு பேரைப் போடறோம்?

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. ஒருத்தர் தாய்மொழி டச்சு. இன்னொருத்தர் படிச்சது சமஸ்கிருதம். நடுவுல ரெண்டு பேருக்குமே சொந்தமில்லாத ஒரு மொழி. கர்மாவையும் மோட்சத்தையும் போர்த்துகீஸ்ல என்ன வார்த்தை போட்டு விளக்கியிருப்பார்? லெய்டன்ல எனக்கு நம்ம ஊர் ரேஷன் கடையை இங்கிலீஷ்ல விளக்கவே அரை மணி நேரம் ஆச்சு. ரோகெரியுஸுக்கு சமஸ்கிருதம் தெரியாது. ஒரு வார்த்தையைச் சரிபார்க்க அவர்கிட்ட அகராதி கிடையாது, ரெண்டாவது புத்தகம் கிடையாது. அப்படியிருந்தும் அவர் எழுதினது பெரும்பாலும் சரியா இருக்குன்னு பின்னாடி வந்த அறிஞர்கள் ஒத்துக்கிட்டிருக்காங்க. கேட்டவர் பொறுமைசாலி, சொன்னவர் நல்ல வாத்தியார்ங்கிறதைத் தவிர எனக்கு வேற காரணம் தோணல.

இதெல்லாம் நடந்துக்கிட்டிருந்தப்போ, தெக்கால ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்ல ஒரு மணல் மேட்டை இங்கிலீஷ்காரங்க கேட்டு வாங்கினாங்க. வருஷம் 1639. வருஷா வருஷம் ஆகஸ்ட் 22 அன்னைக்கு நம்ம இன்ஸ்டாகிராமில் ஸ்டேட்டஸ் போடற அதே மெட்ராஸ். பழவேற்காட்டுல இருந்தவங்களுக்கு அது அன்னைக்கு ஒரு செய்தியாவே பட்டிருக்காது. பெரிய ஊர் இது, புதுசா வந்த குப்பம் அது.

பத்மநாபன் கொடுத்ததுலயே பெரிய சொத்து பர்த்ருஹரி. சமஸ்கிருதத்துல பர்த்ருஹரி பேர்ல மூணு நூறு இருக்கு: ஒண்ணு நீதி, ஒண்ணு காதல், ஒண்ணு துறவு. நம்ம திருக்குறளோட முப்பாலை ஞாபகப்படுத்தற மாதிரி பிரிவு. பத்மநாபன் ஒவ்வொரு பாட்டா போர்த்துகீஸ்ல பொருள் சொல்ல, ரோகெரியுஸ் அதை டச்சு உரைநடையில எழுதினார். நீதி நூறும் துறவு நூறும் வந்துச்சு. காதல் நூறு மட்டும் வரல. ஒரு பாதிரியாரும் ஒரு சாஸ்திரியும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பாட்டுகளுக்கு அர்த்தம் பேசற காட்சியை நினைச்சா எனக்கே கூச்சமா இருக்கு, விட்டது நல்லதுதான். ஆனா அந்த ரெண்டு நூறுதான் சமஸ்கிருதத்துலேருந்து ஐரோப்பிய மொழிக்குப் போய் அச்சான முதல் இலக்கியம். கீதையை சார்லஸ் வில்கின்ஸ் இங்கிலீஷ்ல கொண்டுவந்தது 1785-ல. அதுக்கு நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடியே பழவேற்காட்டுப் பேச்சு புத்தகமா வந்தாச்சு.

1642-ல ரோகெரியுஸ் பழவேற்காட்டை விட்டுக் கிளம்பினார். அஞ்சு வருஷம் பட்டாவியாவுல ஊழியம். அதைப் பத்தி எழுத எனக்கு ஆர்வம் இல்ல, அவர் புத்தகமும் அந்த ஊரைப் பத்தி இல்ல. 1647-ல நாடு திரும்பினார். லெய்டனுக்குப் பக்கத்துல இருக்கிற கௌடாவுல தங்கினார். சீஸுக்குப் பேர் போன அதே கௌடா. திரும்பி ரெண்டே வருஷத்துல, 1649-ல, இறந்துட்டார். வயசு நாற்பதுதான். எழுதினது அச்சாகல.

அந்தக் கட்டு அப்படியே பரணுக்குப் போயிருக்கலாம். போகாம பார்த்துக்கிட்டது அவர் மனைவி. கணவர் போனப்புறம் அவங்க முயற்சியில 1651-ல லெய்டன்லயே புத்தகம் வந்துச்சு. தலைப்பை ஏறக்குறையத் தமிழ்ப்படுத்தினா, மறைந்திருக்கும் அஞ்ஞான மதத்துக்குத் திறந்த கதவு. இந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கல. பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தவரோட நம்பிக்கைக்கு இதுவா பேர்? ஆனா உள்ள போனா தொனி வேற. முதல் பாகம் பிராமணர்களோட வாழ்க்கை, வழக்கம். ரெண்டாவது பாகம் அவங்க நம்பிக்கை, வழிபாடு. திட்டறது ரொம்பக் கம்மி, விவரிக்கிறதுதான் அதிகம். அச்சுக்குப் போறப்போ இன்னொரு அறிஞர் புகுந்து, கிரேக்கத்துல இப்படி, ரோமுல இப்படின்னு பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு சேர்த்தார். லெய்டன்காரங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சதை வெச்சுத் தெரியாததைப் புரியவைக்கிற முயற்சி.

புத்தகம் பயணம் போச்சு. 1663-ல ஜெர்மன், 1670-ல பிரெஞ்சு. அடுத்த நூற்றாண்டுல ஹெர்டர்ங்கிற ஜெர்மன் சிந்தனையாளர் அதுலேருந்து பர்த்ருஹரி பாட்டுகளை எடுத்துத் தன் நடையில திரும்ப எழுதினார். சமஸ்கிருதம், போர்த்துகீஸ், டச்சு, ஜெர்மன்னு நாலு மொழியைத் தாண்டி பாட்டுல எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லணும். 1915-ல கலண்ட்ங்கிற டச்சு சமஸ்கிருத அறிஞர் மூலப் புத்தகத்தைச் சரிபார்த்துத் திரும்பப் பதிப்பிச்சார்.

இவ்வளவையும் லெய்டன்ல உட்கார்ந்து படிச்சப்போ எனக்கு முதல்ல வந்தது பெருமை. எங்க ஊர், எங்க ஊர்னு ரூம்மேட்கிட்ட பீத்திக்கிட்டேன். அப்புறம் மெதுவா ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சது. அந்தப் பத்து வருஷமும் ரோகெரியுஸ் கண் முன்னாடி ஏரி இருந்திருக்கு. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி அது. அவர் சாப்பிட்ட மீனை யாரோ வலை போட்டுத்தான் பிடிச்சிருக்காங்க. கப்பல்லேருந்து கரைக்கு சரக்கையும் ஆளையும் யாரோ படகுல கொண்டுவந்திருக்காங்க. ஜாதிகளை அவர் வரிசை போட்டுச் சொல்றார். ஆனா அவர் யாரை ஆசிரியரா வெச்சுக்கிட்டாரோ அவர் கண்ணு வழியாத்தான் ஊரே தெரியுது. வேதம் எத்தனைன்னு கேட்டவர், முகத்துவாரம் எப்போ மூடும்னு ஒரு வலைக்காரர்கிட்டப் போய் உட்கார்ந்து கேட்கல. இந்து மதம்னு ஐரோப்பா முதல்ல விரிவாப் படிச்சது பழவேற்காட்டுல ஒரு பிராமணர் சொன்னதை. ஏரிக்கரையில இருந்த மத்த தெய்வங்களும் மத்த ஜனங்களும் அந்தக் கதவு வழியா உள்ள போகல.

அவரைக் குறை சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னா, கிடையாது. அஞ்சு மாசம் லெய்டன்ல இருந்தேன். நாலு தமிழ்ப் பசங்க, ரெண்டு தெலுங்குப் பசங்க, சனிக்கிழமை சேர்ந்து சிக்கன் குழம்பு, மத்த நாள் லேப். ஒரு டச்சுக்காரர் வீட்டுக்குள்ள நான் போனதே இல்ல. அந்த மொழியில நன்றி, மன்னிக்கணும், ரெண்டு வார்த்தைதான் கத்துக்கிட்டேன். அவர் ஒருத்தர்கிட்டயாவது உட்கார்ந்து கேட்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வாரமே பழவேற்காடு போனேன். கோட்டை இருந்த இடத்துல இப்போ கோட்டை இல்ல. 1690-ல டச்சுக்காரங்க தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தினாங்க, ஊரோட மவுசு இறங்கிச்சு. கடைசியில இங்கிலீஷ்காரங்க கைக்குப் போய் கோட்டையை இடிச்சுட்டாங்க. மேடும் பள்ளமும் முள்ளுச்செடியுமா கிடக்கு, சுத்தி அகழி இருந்த தடம் தெரியுது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்புல நல்லா இருக்கு. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வெச்சிருக்காங்க. சின்ன வயசுல அதைப் பார்த்துப் பயந்து அழுதிருக்கேன். உள்ள ஒவ்வொரு கல்லுலயும் பேர், பதவி, செத்த வருஷம், குடும்பச் சின்னம். ரோகெரியுஸ் அங்க இல்ல, அவர் செத்தது கௌடாவுல. பத்மநாபன் எங்க, எப்போ செத்தார்னு சொல்ற கல் எதுவும் அங்க இல்ல. அவர் இருக்கிறது அந்தப் புத்தகத்துல மட்டும்தான்.

சாயங்காலம் தாத்தா வலையைப் பிரிச்சு உட்கார்ந்திருந்தார். பாடுன்னா என்ன தாத்தான்னு கேட்டேன். இருபத்தோரு வருஷத்துல முதல் தடவை. அவர் சிரிச்சார். பரீட்சைக்கு வருதான்னு கேட்டார். அப்புறம் சொல்ல ஆரம்பிச்சார். ஏரியில மீனும் இறாலும் நிறைய விழற இடங்கள் குறிப்பிட்டதுதான். எல்லாரும் ஒரே நாள்ல அங்க வலை கட்டினா அடிதடி. அதனால யார் யார், எந்த நாள், எந்த இடத்துல சுத்துவலை கட்டலாம்னு ஊர்ல முறை வெச்சிருக்காங்க. அதுதான் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூணுக்கும் இதுல பங்கு. இன்னைக்கு நல்ல இடம் கிடைச்சவனுக்கு நாளைக்கு வேற இடம். நான் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்ல ஷெட்யூலிங் படிச்சு அரியர் வெச்சவன். தாத்தா எந்தப் புத்தகமும் பார்க்காம முழு அட்டவணையையும் மனசுலேருந்து சொல்றார்.

அவர் குரல் மாறினது காட்டுப்பள்ளிப் பேச்சு வந்தப்போ. அங்க துறைமுகத்தைப் பெருசாக்கற திட்டத்தை எதிர்த்து ஏரிக்கரைக் குப்பங்கள் பல வருஷமா குரல் கொடுத்துக்கிட்டிருக்கு. கடலோரத்துல ஒரு இடத்துல கல்லைக் கொட்டினா இன்னொரு இடத்துல கரை அரிக்கும், மணல் நகர்ந்தா முகத்துவாரம் அடைபடும், முகத்துவாரம் அடைபட்டா ஏரிக்குள்ள கடல் தண்ணி வராது, இறால் குஞ்சும் வராதுன்னு அவர் ஒண்ணொண்ணாச் சொன்னார். சிவில் டிபார்ட்மென்ட் நண்பன்கிட்டக் கேட்டேன், மணல் நகர்ற கதை அவங்க பாடத்துலயும் இருக்காம்.

நான் நோட்டை எடுத்தேன். தாத்தா எதுக்குன்னு பார்த்தார், ஆனா நிறுத்தல. நான் எழுதற வேகத்துக்குத் தகுந்த மாதிரி மெதுவாப் பேச ஆரம்பிச்சார். அவர் சொல்ற நிறைய வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியல, காத்துக்கு ஒரு பேர், தண்ணி நிறத்துக்கு ஒரு பேர், ஒரே மீனுக்கு வயசுக்கு ஒரு பேர். நடுவுல ஆயா வந்து திருத்தினாங்க. நண்டு விஷயத்துல ஆயா சொல்றதுதான் சரின்னு தாத்தாவே ஒத்துக்கிட்டார். கரண்ட் போனதும் நிறுத்தினோம். இதுவரைக்கும் பன்னிரண்டு பக்கம். முகத்துவாரம் மூடின வருஷங்களோட கதை இன்னும் வரல, பொங்கல் லீவுக்குப் போறப்போ அதுலேருந்து ஆரம்பிக்கணும்.